நிழற்படம் திருத்தக் கற்போம்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் கல்வியைப் பற்றிப் பேச அறிஞர் பலர் வந்துள்ளனர். சட்டம் பற்றியும், அரசுத் தேர்வுகள் பற்றியும், உயர்கல்வி பற்றியும் அவர்கள் பேசினர், இன்னும் பேசுவர். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்போ சிறியது. கணிப்பொறியில் நிழற்படம் திருத்தும் மென்பொருளைப் புதிதாகக் கற்பது எங்ஙனம் என்பதே அது. இதற்கும் ஒரு மேடை வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். ஓராண்டுக்கு முன் நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். எங்கள் எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய படம். முதலில் அப்படத்தின் கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு பாடத்திற்கு வருகிறோம்.

ஒரு படத்தின் கதை

நம் சங்கம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே நம் தெருவில் இரவுப் பள்ளி ஒன்று நடந்து வந்ததைப் பெரியவர்கள் அறிவர். பகலெல்லாம் வயலிலும் சூளையிலும் உழைத்த பிள்ளைகள், இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து எழுத்துக் கற்றனர். அப்பள்ளியின் நினைவாக இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆறு அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் உடையது. அதில் பதினேழு பேர் இருக்கின்றனர். வலக்கோடியில், முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி ஓர் அம்மையார் நிற்கிறார். நாள்தோறும் விளக்குச் சிம்னியைத் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைத் திருத்தி வைத்தவர் அவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒழுகும் சுவரில் பல்லாண்டு தொங்கிய அப்படத்தில் நடுவே ஒரு விரிசல். எங்கும் மஞ்சட் கறை. பின்வரிசையில் நின்ற ஒரு சிறுவனின் முகம் ஈரத்தில் ஊறி முற்றிலும் உரிந்து போய்விட்டது. வெள்ளிவிழா மலரில் அப்படத்தை வெளியிட விரும்பி, நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்தோம். பத்து நாள் கழித்துப் படம் வந்தது. விரிசல் இல்லை, கறை இல்லை. ஆனால் படத்திலிருந்த அனைவரும் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தனர். அம்மையாரின் நெற்றிச் சுருக்கங்கள் மறைந்து போயின. முகம் உரிந்த சிறுவனுக்குப் பக்கத்தில் நின்றவனின் முகத்தையே எடுத்து ஒட்டியிருந்தனர். பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகையும் போய், அங்கே ஒரு பூந்தோட்டம் இருந்தது.

அதை அம்மையாரின் மகளிடம் எடுத்துச் சென்று காட்டினோம். அவருக்கே இப்போது எழுபது வயதிருக்கும். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா இது எங்க அம்மா இல்லை” என்று சொல்லி, படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஸ்டூடியோக்காரரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. தம்மிடம் வருவோரில் பெரும்பாலோர் கேட்பதையே அவர் செய்தார். கேளாமலே செய்யப் பழகியும் விட்டார். ஆனால் அன்று எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. நம் வீட்டுப் படத்தைத் திருத்தும் கை, அப்படத்தில் இருப்பவரை அறிந்த கையாக இருத்தல் வேண்டும். ஆகவே நாங்களே கற்பது என்று முடிவு செய்தோம். எங்களில் ஒருவர் தையற்காரர். ஒருவர் கல்லூரி மாணவி. ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒருவர் அச்சகத்தில் பணிபுரிபவர். நால்வருள் எவரும் அதற்கு முன் இம்மென்பொருளைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

கருவி பிறந்த வரலாறு

படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தும் கலை மிகப் பழையதன்று. 1957ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தர அளவை நிலையத்தில் பணிபுரிந்த ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் அறிஞர், தம் கைக்குழந்தையின் நிழற்படம் ஒன்றை முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் ஏற்றினார். அப்படம் நெடுக்கில் 176 புள்ளிகளும் குறுக்கில் 176 புள்ளிகளும் கொண்டது, அவ்வளவே. ஒரு தந்தை தம் பிள்ளையின் முகத்திலிருந்து இக்கலையைத் தொடங்கினார் என்பது நினைக்கத்தக்கது.

ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருளின் பெயரை அறியாதார் இன்று இலர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் என்பவர், கறுப்பும் வெள்ளையும் மட்டுமே காட்டக்கூடிய தம் கணிப்பொறித் திரையில் சாம்பல் நிறச் சாயல்களையும் காட்ட வேண்டி 1987இல் ஒரு சிறு நிரலை எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சித் துறையில் இருந்த அவருடைய உடன்பிறந்தார் ஜான் நோல் அதைக் கண்டு ஊக்கினார். இருவரும் வளர்த்த அந்நிரலை அடோபி நிறுவனம் ஏற்று, 1990இல் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் வெளியிட்டது. 2013 முதல் அந்நிறுவனம் சந்தா முறைக்கு மாறியதால், அதைப் பயன்படுத்துவோர் தொடர்ந்து பணம் செலுத்தி வருதல் வேண்டும்.

நம் போன்றோர்க்கு அது சுமையே. ஆனால் அதற்காக மனந்தளர வேண்டியதில்லை. திருட்டுப் பிரதியைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995இல் ஜிம்ப் என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கி, 1996இல் பொதுமக்களுக்கு வெளியிட்டனர். அது கட்டற்ற மென்பொருள். எவரும் விலையின்றிப் பெறலாம், பிறர்க்கும் கொடுக்கலாம், அதன் உள்ளமைப்பைப் படித்து மாற்றவும் செய்யலாம். மாணவர் இருவர் தொடங்கியதைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் இன்றளவும் வளர்த்து வருகின்றனர். நாங்கள் கற்றது அதில்தான். சங்க அறையில் இருக்கும் பழைய கணிப்பொறியே அதற்குப் போதுமானதாக இருந்தது.

படம் என்பது புள்ளிக் கோலம்

மென்பொருளைத் திறந்தவுடன் புதியவர் மிரள்வர். எண்ணற்ற சின்னங்கள், எல்லாம் ஆங்கிலச் சொற்கள். தமிழ்வழியில் பயின்ற நாங்களும் மிரண்டோம். அவற்றுள் முதல் ஆறு மாதத்திற்குத் தேவைப்படுபவை முப்பது சொற்களுக்கு மேல் இல்லை என்பதைப் பிறகு கண்டோம். ஒரு குறிப்பேட்டில் இடப்புறம் அச்சொல்லையும், வலப்புறம் அது செய்யும் வேலையைத் தமிழிலும் எழுதி வைத்துக்கொண்டோம். அக்குறிப்பேடு இப்போது சங்க நூலகத்தில் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கருவிகளைத் தொடுமுன் படம் என்பது யாது என்று அறிதல் நலம். வாசலில் நம் தாய்மார் இடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். திரையில் தெரியும் படமும் அத்தகைய புள்ளிகளின் வரிசைதான். ஒவ்வொரு புள்ளிக்கும் பிக்சல் என்று பெயர். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளுக்கு மூன்று எண்கள் உள்ளன. பொதுவாக ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 ஆயின் கறுப்பு. மூன்றும் 255 ஆயின் வெள்ளை. இம்மூன்று எண்களின் சேர்க்கையால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கின்றன. படத்தைத் திருத்துதல் என்பது இந்த எண்களை மாற்றுதலே. அதில் மாயம் ஒன்றும் இல்லை.

இதை அறிந்தால் பல ஐயங்கள் தாமே தீரும். தாளில் தெளிவாக அச்சிட ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சகத்தார் கொள்ளும் கணக்கு. ஆறுக்கு நான்கு அங்குலப் படத்திற்கு 1,800 புள்ளி அகலமும் 1,200 புள்ளி உயரமும் தேவை. கைபேசியில் ஒருவர்க்கொருவர் அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டுவிடுவதால் புள்ளிகள் பல இழக்கப்படுகின்றன. அத்தகைய படத்தைக் கொண்டுவந்து பெரிய பதாகையாக அடித்துக் கொடு என்றால், முகம் கட்டம் கட்டமாகத் தெரியாமல் என்ன செய்யும்? இழந்த புள்ளியை எந்தக் கருவியும் உள்ளபடி மீட்டுத் தாராது.

முதல் ஐந்து பாடங்கள்

நாங்கள் கற்ற வரிசையிலேயே ஐந்து பாடங்களைச் சொல்கிறோம். ஒரு பாடம் கைவந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

முதற் பாடம், மூலத்தைத் தொடாதிருத்தல். படத்தை ஸ்கேன் செய்தவுடன் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அப்பிரதியிலேயே வேலை செய்தல் வேண்டும். ஆறங்குலப் படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 3,600 புள்ளி அகலம் கிடைக்கும், அது போதுமானது. கோப்பை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் வடிவம் சிறிய இடத்தில் அடங்கும். ஆனால் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அது படத்தின் நுட்பத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்துவிடும். ஜிம்பில் வேலை நடக்கும்போது அதற்கே உரிய எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமித்து, எல்லாம் முடிந்தபின் அச்சுக்கான பிரதியை வேறாக எடுத்துக்கொள்வதே முறை. நாங்கள் முதல் மாதம் செய்த வேலை ஒன்று, மூலக் கோப்பின் மேலேயே சேமித்ததால் பாழாயிற்று. நல்ல வேளையாகத் தாட்படம் கையில் இருந்தது. மீண்டும் ஸ்கேன் செய்தோம்.

இரண்டாம் பாடம், கத்தரித்தலும் அளவிடுதலும். வேண்டாத ஓரங்களை நீக்குதல், சாய்ந்த படத்தை நிமிர்த்துதல், கேட்ட அளவுக்கு மாற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். இது எளிது, ஒரே நாளில் வந்துவிடும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. பழைய படத்தின் ஓரத்தில் நிற்பவரைக் கத்தரிப்பதற்கு முன் அவர் யார் என்று கேளுங்கள். ஓரத்தில் நின்றவர்கள்தாம் பெரும்பாலும் வேலை செய்தவர்கள்.

மூன்றாம் பாடம், ஒளியைச் சமன் செய்தல். லெவல்ஸ் என்னும் கருவியைத் திறந்தால் மலைத்தொடர் போன்ற ஒரு வரைபடம் தோன்றும். படத்தில் இருண்ட புள்ளிகள் எத்தனை, வெளிச்சமான புள்ளிகள் எத்தனை என்பதை அது காட்டுகிறது. அதன் கீழே மூன்று முக்கோணங்கள் உள்ளன: கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, இடைநிலைக்கு ஒன்று. மங்கிய படத்தில் மலை நடுவே குவிந்து, இருபுறமும் வெற்றிடம் இருக்கும். இருபுற முக்கோணங்களையும் மலையடிவாரத்திற்குக் கொண்டுவந்தால் படம் தூசு தட்டியதுபோல் தெளியும். அதற்கு மேலும் உள்ளே தள்ளினால், வேட்டியின் மடிப்பும் கூந்தலின் இழையும் மறைந்து, வெறும் வெள்ளையும் வெறும் கறுப்புமே எஞ்சும்.

நான்காம் பாடம், லேயர் எனப்படும் அடுக்கு. படத்தின் மேல் கண்ணாடித் தாள் ஒன்றை விரித்து, அதன் மேல் எழுதுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் தாளை எடுத்துவிடலாம். அடியில் உள்ள படம் கெடாது. அடுக்கின் பக்கத்தில் உள்ள கண் சின்னத்தை அழுத்தினால் திருத்தத்திற்கு முன்னும் பின்னும் மாறிமாறிக் காட்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அதை அழுத்திப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். தாம் எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டோம் என்பதை அந்தக் கண் உடனே சொல்லிவிடும்.

ஐந்தாம் பாடம், ஒட்டுப்போடுதல். குளோன் என்னும் கருவி, படத்தின் ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோர் இடத்தில் பூசுகிறது. ஹீல் என்னும் கருவியும் அவ்வாறே செய்து, சுற்றுப்புறத்தின் சாயலோடு அதைக் கலந்தும் விடுகிறது. ஜிம்பில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுசால் சொடுக்கினால், எங்கிருந்து எடுப்பது என்பது குறிக்கப்படும். இதை எங்களுள் முதலில் கற்றவர் தையற்கார நண்பரே. “கிழிஞ்ச துணிக்கு வேற நூல் போட்டாப் பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துடும், அதே துணியோட உள்மடிப்புல நூல் உருவி இழை ஓட்டணும்” என்றார் அவர். அதற்கு மேல் விளக்கம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. கன்னத்து விரிசலுக்குக் கன்னத்திலிருந்தே, அதுவும் அடுத்துள்ள இடத்திலிருந்தே எடுத்தல் வேண்டும். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் அச்சுக் குத்தியதுபோல் தெரிந்துவிடும்.

கறை நீங்கிய விதம்

இவ்வைந்தையும் கைக்கொண்டு எங்கள் படத்தில் இறங்கினோம். மஞ்சட் கறைகள் முகங்களின் மேலேயே படர்ந்திருந்தன. ஒட்டுப்போட்டால் முகம் சிதைந்துவிடும். அச்சகத்து நண்பர் ஒரு வழி கண்டார். கறுப்பு வெள்ளைப் படமேயாயினும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யச் சொன்னார். பிறகு அதைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படங்களாகப் பிரித்தார். மஞ்சட் கறை நீல ஒளியை விழுங்குவது. ஆகவே நீலப் படத்தில் அது கருமையாகத் தெரிந்தது. சிவப்புப் படத்திலோ கறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. அந்தச் சிவப்புப் படத்தையே அடிப்படையாகக் கொண்டோம். ஒரு புள்ளியைக்கூடக் கற்பனையாகப் பூசாமல் முக்கால் பங்குக் கறை நீங்கிற்று. கருவியை ஓட்டுவதற்கு முன் கண்ணை ஓட்டுதல் வேண்டும் என்பதை அன்று அறிந்தோம்.

வெளுத்தல் திருத்தம் ஆகாது

இனி, இவ்வுரையில் நாங்கள் தலையாயதாகக் கருதும் செய்திக்கு வருகிறோம். புதிதாகக் கற்பவர்க்கு முதலில் வரும் சபலம், முகத்தை வெளுப்பாக்குதல். ஒரு பொத்தானை இழுத்தால் போதும். மாநிறம் சிவப்பாகும், கறுப்பு மாநிறமாகும். பார்ப்பவர் “அழகாக இருக்கிறது” என்பர். கைபேசிச் செயலிகளில் இது கேளாமலேயே நடந்துவிடுவதும் உண்டு.

இச்சபலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து பல்லாண்டுக் காலம், வண்ணப் படங்கள் சரியாக அச்சாகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய பெயரால் அதை ஷெர்லி அட்டை என்றழைத்தனர். அவர் முகம் சரியாக வந்தால் படம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்கள் நிழலில் கரைந்து போனதைக் குறையாகவே அக்கணக்கு கொள்ளவில்லை. சாக்லேட் செய்வோரும் மரச்சாமான் விற்போரும் தம் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பின்னரே பிலிம் திருத்தப்பட்டதாக அந்நிறுவனத்தில் பணியாற்றியோரே கூறியுள்ளனர். பல நிறத்தாரும் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது.

மறுபுறமும் உண்டு. 1994 ஜூன் மாதத்தில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை டைம் இதழ் தன் அட்டையில் வெளியிட்டபோது, முகத்தை இருந்ததைவிட மேலும் இருட்டாக்கி வெளியிட்டது. அதே வாரம் நியூஸ்வீக் இதழ் அதே படத்தை மாற்றாமல் வெளியிட்டதால், கடைத்தெருவில் இரண்டையும் அருகருகே கண்ட மக்கள் வேறுபாட்டை உணர்ந்து கொதித்தனர். அழகென்று காட்ட வெளுப்பதும், அச்சமூட்டக் கறுப்பதும் ஒரே எண்ணத்தின் இரு பக்கங்கள் அல்லவா? பிறப்பைக் கொண்டும் நிறத்தைக் கொண்டும் மனிதரை அளப்பதை எதிர்த்து நின்றவர்களின் பிள்ளைகள் நாம். அந்த அளவுகோலை நம் கையாலேயே நம் தாயின் முகத்தில் வைக்கலாமா?

அப்படியாயின் இருட்டான படத்தை வெளிச்சமாக்குவதே தவறா என்று கேட்பீர்கள். தவறன்று. வெயிலில் வெள்ளை வேட்டிக்காரர் பக்கத்தில் கறுத்த முகத்தவர் நின்றால், காமிரா வேட்டிக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்ளும். முகம் நிழலில் அமிழும். அம்முகத்தில் கண்ணும் சுருக்கமும் மூக்குத்தியும் தெரியச் செய்வது கடமையே. எங்கள் முறை இது: படம் முழுவதற்கும் பொதுவாக இடைநிலை ஒளியைச் சிறிது உயர்த்துவோம். வேட்டியின் வெண்மை, தலைமுடியின் கருமை, பின்னாலுள்ள மண்சுவர் ஆகிய மூன்றையும் சாட்சிகளாக வைத்துக்கொள்வோம். இம்மூன்றும் இயல்பாக இருக்க, முகமும் தெளிந்தால் அது திருத்தம். முகத்தை மட்டும் தனியே தேர்ந்தெடுத்து வெளுத்தால் அது பொய். விவரம் வெளிவருதல் வேண்டும். நிறம் மாறுதல் ஆகாது. இம்முறையில் அம்மையாரின் நெற்றிச் சுருக்கங்கள் மூன்றும் திரும்பி வந்தன.

இல்லாததைப் படைக்கலாமா?

எஞ்சியது அந்தச் சிறுவனின் முகம். 2023 முதல் ஃபோட்டோஷாப்பிலேயே, வேண்டியதை எழுத்தில் கேட்டால் வெற்றிடத்தை நிரப்பித் தரும் வசதி வந்துவிட்டது. அதுபோன்ற வசதிகள் பிறவற்றிலும் உள்ளன. “ஒரு முகத்தைக் கேட்டு வாங்கி வைத்துவிட்டால் படம் முழுமையாகிவிடுமே” என்று எங்களுள் மாணவி கேட்டார். பேசிப் பார்ப்போம் என்றோம்.

படத்தில் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் கணிப்பொறிக்கு முன்பே இருந்த வேலை. மாஸ்கோ கால்வாயோரம் ஸ்டாலினுடன் நின்று படமெடுத்துக்கொண்ட யெஷோவ் என்னும் அதிகாரி, 1940இல் கொல்லப்பட்ட பின் அப்படத்திலிருந்து நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீர் தீட்டப்பட்டது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ், அட்டையின் அளவுக்குப் பொருந்துவதற்காக எகிப்தியப் பிரமிடுகளை நெருக்கி வைத்து வெளியிட்டுக் கண்டனத்துக்குள்ளாயிற்று. முன்னது அரசியல் வஞ்சம். பின்னது அழகுக்கான வசதி. ஆனால் இரண்டிலும் படத்தின் சாட்சியம் கெட்டது.

நம் சிறுவன் செய்தி இன்னும் நுட்பமானது. அவன் யார் என்பதில் நம் பெரியவர்களிடையே இரு கருத்து உண்டு. கிழக்குத் தெருவில் ஒரு வீட்டார், அவன் தங்கள் வீட்டுப் பிள்ளை, இளமையிலேயே இறந்துபோனவன் என்கின்றனர். மேலத் தெருவில் மற்றொரு வீட்டாரும் அவ்வாறே தங்கள் பிள்ளை என்கின்றனர். இரு வீட்டிலும் அவர்களுக்கு வேறு படம் இல்லை. கணிப்பொறி தரும் முகமோ, எங்கோ உள்ள கோடிக்கணக்கான முகங்களிலிருந்து பிழிந்தெடுத்த ஒரு முகம். அதை வைத்தால் இரு வீட்டாருக்கும் இருந்த ஒரே நினைவின் மேல் ஓர் அயலானை அமர்த்தியவராவோம். இதைக் கேட்ட மாணவியே, “வேண்டாம், அப்படியே விட்டுவிடுவோம்” என்றார். ஆகவே அவ்விடத்தின் விரிசலை மட்டும் ஒட்டி, முகத்தை வெற்றிடமாகவே விட்டோம். மலரில் அப்படத்தைப் பார்க்கும்போது அதை எங்கள் வேலையின் குறை என்று எண்ணாதிருக்க வேண்டுகிறோம்.

வயிற்றுக்கும் வாழ்வுக்கும்

இக்கல்வி பழம்படங்களுக்கு மட்டும் உரியதன்று. தேர்வு விண்ணப்பங்கள் பலவற்றில், படமும் கையெழுத்தும் இத்தனை கிலோபைட்டுக்குள், இத்தனை பிக்சலுக்குள் இருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றனர். கடைசி நாளில் கணிப்பொறிக் கடை வாசலில் காத்துக்கிடக்கும் தம்பி தங்கையர் எத்தனை பேர்! முதலிரண்டு பாடங்களைக் கற்றாலே அவ்வேலையைத் தாமே செய்துகொள்ளலாம்; அடுத்த வீட்டாருக்கும் செய்து தரலாம். திருமண ஆல்பம், அழைப்பிதழ், பதாகை, கடைப் பொருள்களின் விளம்பரப் படம் என இக்கலையை நம்பி நடக்கும் தொழில்கள் பல. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். சான்றிதழிலோ அடையாள அட்டையிலோ ஓர் எழுத்தை மாற்றித் தரும்படி எவர் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். அது திருத்தம் அன்று, சட்டப்படி குற்றம்.

முடிப்பதற்குமுன் அந்தப் படத்துக்கே திரும்புகிறோம். திருத்தி முடிக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. தேர்ந்தவர் சில நாளில் முடித்திருப்பர். அச்சிட்ட படத்தை அம்மையாரின் மகளிடம் கொண்டுபோனோம். வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “இந்தச் சேலை அரக்கு நிறம், கரை மட்டும் பச்சை” என்றார். படத்துக்கு வண்ணம் தீட்டலாமா என்று எங்களுக்கு ஒரு கணம் ஆசை எழுந்தது. மற்றப் பதினாறு பேரின் உடை நிறத்தைச் சொல்ல எவரும் இல்லாததால், அவ்வாசையை விட்டோம். அவர் சொன்னதைப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி, நாளும் இட்டு வைத்தோம்.

இளைஞர்களே! உங்கள் வீட்டுச் சுவரிலும் இரும்புப் பெட்டியிலும் அத்தகைய படங்கள் ஒன்றிரண்டு இருக்கும். நம் முன்னோர்க்கு ஸ்டூடியோவுக்குச் செல்லக் காசு இருந்ததில்லை. ஆகவே இருக்கும் ஒவ்வொன்றும் அரிது. அவற்றைச் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிறு தோறும் பிற்பகலில் ஸ்கேன் செய்து, அன்றே திருப்பித் தருகிறோம். வரும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள்; படத்திலிருப்போரின் பெயர்களை அவர்கள் சொல்ல, நாம் எழுதிக்கொள்வோம். கறையை நீக்கும் வேலையை அடுத்த ஆண்டும் செய்யலாம். பெயரைச் சொல்வோர் அடுத்த ஆண்டு இருப்பார்களா என்பதை யார் அறிவார்?